‘இன் ஹாஸ்பிட்டல்’ என்பதில் ‘தி’ எங்கே போயிற்று?

மார்த்தாண்டம் பகுதியிலிருந்து எழுதியிருக்கும் செவிலியர் சகோதரியின் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன ஐயம்தான். மருத்துவத் துறையினர் வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குத் தயாராகிவரும் அவர், நோயாளி உள்நோயாளியாக இருக்கிறார் என்ற பொருளில் ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்று எழுதியதைப் பயிற்சி மையத்தில் ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ என்று சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பணிபுரியும் அவருடைய அக்காவோ, அங்கே யாரும் அந்த இடத்தில் ‘தி’ சேர்ப்பதில்லை என்கிறார். ‘ஹெட்ஏக்’குக்கு முன்னால் ‘எ’ வரும்போது ‘டயரியா’வுக்கு ஏன் வருவதில்லை என்றும், இதற்கெல்லாம் விதி உண்டா, இல்லை மனப்பாடம்தானா என்றும் கேட்டுவிட்டு, தாம் எழுதிய மூன்று வாக்கியங்களையும் இணைத்திருக்கிறார். ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள்களின் விதிகளைப் பள்ளியிலேயே படித்திருந்தும், பழகித் தேய்ந்த தொடர்களுக்குள் நுழைந்ததும் அவை ஏன் கைவிட்டுவிடுகின்றன என்பதையே அவர் உண்மையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். அந்தத் தேர்வின் தாள்களைத் திருத்தும் பணியில் நான் இருந்ததில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதல் கேள்விக்கு விடை, உங்கள் அக்கா சொல்வது சரி, பயிற்சி மையத்தின் திருத்தமும் பிழையன்று என்பதுதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஒருவர் நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்பார்கள். அமெரிக்காவில் அதே பொருளுக்கு ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ என்பார்கள். நீங்கள் போக விரும்புவது பிரிட்டன் என்பதால் நீங்கள் எழுதியதை மாற்றத் தேவையில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்வதோடு நின்றுவிட்டால் அடுத்த தொடரில் மறுபடியும் தடுமாறுவீர்கள், ஏனென்றால் பிரிட்டிஷ் வழக்கிலும் ‘தி’ சேரும் இடம் உண்டு. நோயாளி ‘இன் ஹாஸ்பிட்டல்’. அவரைப் பார்க்கப் போன மகன் ‘அட் தி ஹாஸ்பிட்டல்’. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நம் குமரி மாவட்டத்துப் பேச்சே போதும். ‘அம்மை ஆஸ்பத்திரியில கிடக்கா’ என்றால் அம்மாவுக்கு உடல்நலம் இல்லை. ‘நான் ஆஸ்பத்திரியில நிக்கேன்’ என்றால் கூடத் துணைக்கு இருப்பவர் பேசுகிறார். நாம் ‘கிட’, ‘நில்’ என்ற வினைகளால் பிரித்துக்காட்டுவதை ஆங்கிலேயர் ஒரு ‘தி’யை வைத்தும் எடுத்தும் பிரித்துக்காட்டுகிறார்கள். ‘தி’ இல்லாதபோது அந்தச் சொல் கட்டடத்தைக் குறிப்பதில்லை. அங்கே நடப்பதில் ஒருவருக்கு இருக்கும் நிலையைக் குறிக்கிறது.

இது வெறும் நுணுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு நேர்முகத்துக்குத் தயாரான ஒரு முன்னாள் மாணவிக்கு நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பணி அனுபவத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘ஐ வாஸ் இன் ஹாஸ்பிட்டல் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’ என்றார். நான் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், என்ன நோய் என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன். அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஆறு ஆண்டுகள் வார்டில் ஓடியாடி உழைத்தவர், ஓர் ‘எ’யை விட்டதால் ஆறு ஆண்டுகள் கட்டிலில் படுத்துக் கிடந்தவராகிவிட்டார். ‘ஐ வொர்க்ட் இன் எ ஹாஸ்பிட்டல்’ என்பதுதான் அவர் சொல்லவந்தது. இதே போல, ‘ஹி இஸ் இன் ஆஃபீஸ்’ என்று நம்மவர் எழுதுவார்கள். அதற்குப் பொருள் அவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்பதன்று, ஆட்சிப் பொறுப்பில் இருக்கிறார் என்பது. அலுவலகத்தில் இருப்பவர் ‘அட் தி ஆஃபீஸ்’ அல்லது ‘அட் வொர்க்’.

இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அன்று. என் தந்தை குளச்சலுக்குப் பக்கத்தில் கடல் தொழில் செய்தவர். கல்லூரியில் சேர்ந்த புதிதில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, ‘மை ஃபாதர் கோஸ் டு தி சீ எவ்ரி டே’ என்று எழுதிக்கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, ‘தினமும் காற்று வாங்கப் போவாரா?’ என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. விடியுமுன்னே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவரை, மாலையில் கன்னியாகுமரிக் கரையில் நின்று கடலைப் பார்க்கும் சுற்றுலாப் பயணியாக நான் மாற்றியிருந்தேன். ‘கோ டு சீ’ என்றால் கடலைப் பிழைப்பாகக் கொள்வது, கப்பலேறுவது. ‘கோ டு தி சீ’ என்றால் கடற்கரைக்குப் போவது. நம் ஊர்த் துறைகளில் ‘அவரு கடலுக்குப் போயிருக்காரு’ என்றால் யாரும் எந்தக் கடலுக்கு என்று கேட்பதில்லை அல்லவா? அங்கே ‘கடல்’ இடப்பெயராக நில்லாமல் தொழில்பெயராகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘தி’ விழுந்துவிடுவதும் அதே காரணத்தால்தான். இதே சொல்லை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்: சரக்கு வருவது ‘பை சீ’, அதாவது கடல் வழியாக, எங்கள் வீடு இருப்பது ‘பை தி சீ’, அதாவது கடலோரத்தில். கடலில் பயணத்தில் இருப்பவர் ‘அட் சீ’. ‘ஆல் அட் சீ’ என்றாலோ ஒன்றும் பிடிபடாமல் திகைத்து நிற்பவர். அன்று வகுப்பில் நான் இந்தக் கடைசி நிலையில்தான் இருந்தேன்.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் செய்தி இது: ஸ்கூல், காலேஜ், சர்ச், பிரிசன், பெட், சீ, பிரிட்டிஷ் வழக்கில் ஹாஸ்பிட்டல் ஆகிய சொற்கள் தத்தம் நோக்கத்துக்காகப் பயன்படும்போது ஆர்ட்டிகிளை ஏற்பதில்லை, இடமாக மட்டும் குறிக்கப்படும்போது ஏற்கின்றன. பிள்ளை போவது ‘டு ஸ்கூல்’, கட்டணம் கட்டப் போகும் தகப்பன் ‘டு தி ஸ்கூல்’. ஆராதனைக்குப் போகிறவர் ‘டு சர்ச்’, அங்கே மின்விசிறி பழுதுபார்க்கப் போகிறவர் ‘டு தி சர்ச்’. ஆனால் இந்த விதியை நீட்டிக்கொண்டே போக முடியாது. சுசீந்திரத்திலிருந்து வந்த ஒரு மாணவி, ‘சார், சர்ச்சுக்குத் ‘தி’ வேண்டாம் என்றால் எங்கள் கோயிலுக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்டாள். கூர்மையான கேள்வி. ‘கோ டு தி டெம்பிள்’ என்றுதான் பொதுவாக எழுதுகிறோம், வழிபடவே போனாலும்கூட, பள்ளிவாசலைக் குறிக்கும் ‘மாஸ்க்’கும் அப்படியே. பாங்க், போஸ்ட் ஆஃபீஸ், டாக்டர் எல்லாமே தமக்குரிய நோக்கத்துக்காகப் போனாலும் ‘தி’யை விடுவதில்லை. இதில் தருக்கம் தேடிப் பயனில்லை. ஆங்கிலேயர் வாயில் புரண்ட சில தொடர்கள் ‘தி’ இல்லாமலே நிலைத்துவிட்டன, மற்றவை அப்படி நிலைக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் பயன்பாடு இன்றுபோல் இறுகியிருக்கவுமில்லை: ‘ஆன்’ என்பது ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயரிலிருந்தும், ‘தி’ என்பது ‘அந்த’ என்னும் சுட்டிலிருந்தும் மெல்ல வளர்ந்தவை. ‘அட் ஹோம்’, ‘ஆன் ஃபுட்’ (on foot) போன்ற தொடர்களைப் பார்க்கும்போது, புது வீடு கட்டிய பிறகும் இடிக்காமல் விட்ட பழைய திண்ணைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் தமிழருக்கு இது வராது என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ‘சந்தையில் மீன் வாங்கினேன்’ என்பதற்கும் ‘மீனை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவது ஒரு செயல். இரண்டாவதைக் கேட்டதும் எந்த மீன், முன்பு பேசிய அந்த மீனா என்ற எண்ணம் எழுகிறது. நம் இலக்கணம் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பெயர் கொடுத்த அதே இடத்தில்தான் ஆங்கிலத்தின் வெறும் பெயர்ச்சொல் நிற்கிறது. ‘ஐ’ விரிந்து வரும் இடத்தில் பெரும்பாலும் ‘தி’ நிற்கிறது. ‘பள்ளிக்கூடம் போகிறான்’, ‘பள்ளிக்கூடத்துக்குப் போனார்’ என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள், மாணவன் யார், கட்டணம் கட்டப் போனவர் யார் என்பது உங்கள் காதுக்கே தெரியும். இந்த ஒப்புமை முழுமையானதன்று என்பதையும் சொல்ல வேண்டும்: மனிதரைக் குறிக்கும் சொற்கள் தமிழில் எப்படியும் ‘ஐ’ ஏற்கும், எனவே அங்கே இந்தச் சோதனை உதவாது. இருந்தாலும் வாக்கியம் எழுதும்போது ஐயம் வந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கும் பழக்கத்தை என் மாணவர்களிடம் வளர்த்தேன். பாதி ஐயங்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

இனி நோய்களின் பெயர்கள், உங்களுக்கு அன்றாடம் தேவைப்படுபவை. டயாபடீஸ், ஆஸ்துமா, டயரியா, நிமோனியா ஆகியவற்றை ஆங்கிலம் எண்ண முடியாதவையாகக் கொள்கிறது. ஆகவே அவற்றின்முன் ‘எ’ வராது. எ ஹெட்ஏக், எ காஃப், எ கோல்ட், எ ஸோர் த்ரோட், எ ராஷ், எ ஸ்ட்ரோக், எ ஹார்ட் அட்டாக் ஆகியவற்றை ஒவ்வொரு முறை வந்துபோகும் நிகழ்ச்சியாகக் கொள்கிறது. ஆகவே ‘எ’ வரும். காய்ச்சலுக்கு ‘ஷி ஹாஸ் எ ஃபீவர்’ என்பது வழக்கு. பிரிட்டனில் ‘ஷி ஹாஸ் எ டெம்பரேச்சர்’ என்றாலே காய்ச்சல் என்று பொருள், உடம்புக்கு எப்போதும் வெப்பநிலை உண்டே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ‘ஏக்’ என்று முடியும் மற்றவை இரண்டுபட்டவை: டூத்ஏக், இயர்ஏக், பேக்ஏக் ஆகியவற்றைப் பிரிட்டிஷார் ‘எ’ இல்லாமலும் சொல்வார்கள், அமெரிக்கர் பெரும்பாலும் சேர்ப்பார்கள், ஹெட்ஏக் மட்டும் இருபுறமும் ‘எ’யை விடாது. ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் எதிரெதிராக நடப்பதும் உண்டு. அறுவைச் சிகிச்சையை ‘ஆப்பரேஷன்’ என்றால் ‘ஆன்’ வேண்டும், ‘சர்ஜரி’ என்றால் வேண்டாம். உடல் தேறிவருவதை ‘எ குட் ரெக்கவரி’ என்று ‘எ’ சேர்த்து எழுத வேண்டும், ‘குட் ப்ராக்ரஸ்’ என்று சேர்க்காமல் எழுத வேண்டும். இங்கே பொருளை நினைத்துக்கொண்டு ஆர்ட்டிகிளைத் தேடினால் கிடைக்காது. சொல்லைப் படிக்கும்போதே அதன் ‘எ’யையும் சேர்த்து ஒரே சொல்லாக மனத்தில் இருத்திக்கொள்வதைத் தவிர வேறு வழியை நான் கண்டதில்லை. கற்போருக்கான நல்ல ஆங்கில அகராதிகளில் எண்ணத்தக்க பெயருக்கு ‘சி’ என்றும், எண்ணத்தகாததற்கு ‘யூ’ என்றும் குறி இட்டிருப்பார்கள். பொருளைப் பார்த்துவிட்டு அந்தக் குறியைப் பார்க்காமல் அகராதியை மூடுவது நம் பழைய குறை.

மதிப்பெண்ணைக் காட்டிலும் நோயாளியின் நலனை முன்னிட்டு நீங்கள் கவனிக்க வேண்டியவை, ஒரு ‘தி’யோ ‘எ’யோ பொருளையே புரட்டிவிடும் தொடர்கள். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பில் இருப்பவர். ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் பிறர் பொறுப்பில் விடப்பட்டவர். நர்ஸ் வார்டுக்கு ‘இன் சார்ஜ்’. குழந்தை நர்ஸின் ‘இன் தி சார்ஜ்’. ‘இன் கேஸ் ஆஃப்’ என்பது ஒருவேளை நேர்ந்தால் என்ற முன்னெச்சரிக்கை. ‘இன் தி கேஸ் ஆஃப்’ என்பது இன்னாரைப் பொறுத்தவரை என்ற சுட்டல். ‘அட் ரிஸ்க் ஆஃப்’ என்றால் கீழே விழும் அபாயம் உள்ளவர் போன்ற நிலை. ‘அட் தி ரிஸ்க் ஆஃப்’ என்றால் அபாயம் தெரிந்தும் துணிந்து செய்வது. ‘டேக் ப்ளேஸ்’ என்றால் நிகழ்தல். ‘டேக் தி ப்ளேஸ் ஆஃப்’ என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்றல். எல்லாவற்றிலும் அபாயமானது ‘லிட்டில்’. ‘ஷி ட்ராங்க் எ லிட்டில் வாட்டர்’ என்றால் கொஞ்சம் தண்ணீர் குடித்தார், பரவாயில்லை என்று பொருள். ‘ஷி ட்ராங்க் லிட்டில் வாட்டர்’ என்றால் கொஞ்சம்தான் குடித்தார், கவலைக்குரியது என்று பொருள். தமிழில் ‘தான்’ செய்யும் வேலையை அங்கே ‘எ’ இல்லாமை செய்கிறது. இரவுப் பணியிலிருந்து காலைப் பணிக்குக் கைமாறும் குறிப்பில் அந்த ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, அடுத்து வரும் செவிலியர் நீர்ச்சத்தைப் பற்றி யோசிப்பார் அல்லது யோசிக்கமாட்டார். ‘எ ஃப்யூ’, ‘ஃப்யூ’ என்ற இணையும் இப்படியே.

பொழுதைக் குறிக்கும் தொடர்களைச் சுருக்கமாக முடிக்கலாம். காலை, பிற்பகல், மாலை மூன்றும் ‘இன் தி’ ஏற்கும். இரவு ‘அட் நைட்’. ஆனால் குறிப்பிட்ட ஓர் இரவின் நடுவே நேர்ந்ததைச் சொல்லும்போது ‘ஷி வோக் அப் ட்வைஸ் இன் தி நைட்’ என்பது சரி. ‘ஆன் டியூட்டி’, ‘ஆன் லீவ்’, ‘ஆன் கால்’ எவற்றிலும் ஆர்ட்டிகிள் இல்லை, இங்கே வரும் ‘ஆன்’ (on) வேறு சொல். ‘பை பஸ்’ என்பதிலும் இல்லை. நேரத்தைச் சொல்லிக் குறிப்பிட்ட பேருந்தைச் சுட்டினால் மட்டும் ‘பை தி 8.15 பஸ்’. ‘எ’, ‘ஆன்’ தேர்வு எழுத்தைப் பார்த்தன்று, ஒலியைப் பார்த்து: ஆன் எக்ஸ்-ரே, ஆன் ஈ.சி.ஜி., ஆன் எம்.ஆர்.ஐ., ஆனால் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு எ யூ.டி.ஐ. தமிழில் ‘ஒரு மரம்’, ‘ஓர் இலை’ என்று எழுதப் பழகியவருக்கு இது புதிதன்று.

ஆங்கிலேயருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத இடங்களும் உண்டு. அங்கே எவராவது ஒன்று மட்டுமே சரி என்று அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ‘இன் எ ஸ்டேபிள் கண்டிஷன்’ என்பது பிரிட்டிஷ் செய்திகளில் மிகுதி, ‘இன் ஸ்டேபிள் கண்டிஷன்’ என்பது அமெரிக்காவில் மிகுதி. ‘இனிமேல்’ என்ற பொருளுக்குப் பிரிட்டனில் ‘இன் ஃப்யூச்சர்’, அமெரிக்காவில் ‘இன் தி ஃப்யூச்சர்’. ‘ஃப்ளூ’வுக்கு முன் ‘தி’ வந்தாலும் வராவிட்டாலும் இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. இத்தகைய இடங்களில் ஒன்றைத் தேர்ந்து ஒரே கடிதத்துக்குள் அதிலேயே நிற்பது போதும். அந்தத் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் நோயாளிக் குறிப்புகளைப் படிக்க மட்டும். எழுத வேண்டியது ஏறத்தாழ 180 முதல் 200 சொற்கள் கொண்ட கடிதம். மதிப்பிடும் 6 அளவுகோல்களில் மொழி ஒன்று. ஆக ஓர் ஆர்ட்டிகிள் தவறியதற்காகக் கடிதமே கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அங்கே உள்ள உண்மையான பொறி வேறு: கொடுக்கப்படும் குறிப்புகள் தந்தி நடையில் ஆர்ட்டிகிளை உதறி எழுதப்பட்டவை. ‘ஹிஸ்டரி ஆஃப் ஹைப்பர்டென்ஷன்’ என்று அதில் இருப்பதைக் கடிதத்தில் ‘ஷி ஹாஸ் எ ஹிஸ்டரி ஆஃப் ஹைப்பர்டென்ஷன்’ என்று நீங்கள் நிறைவு செய்ய வேண்டும். நம்மவர் பலர் குறிப்பிலிருந்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். எழுதி முடித்த பின் மீதமிருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களில் பெயர்ச்சொற்களின் இடப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகும் பழக்கம் பலன் தரும்.

உங்கள் மூன்று வாக்கியங்களுக்கு வருகிறேன். முதலாவது, ‘பேஷன்ட் ஹேட் ஆப்பரேஷன் அண்ட் இஸ் மேக்கிங் எ குட் ப்ராக்ரஸ்’. தேவையான இரண்டு இடங்களில் விட்டுவிட்டு, வேண்டாத ஓர் இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள்: ‘தி பேஷன்ட் ஹேட் ஆன் ஆப்பரேஷன் அண்ட் இஸ் மேக்கிங் குட் ப்ராக்ரஸ்’. இரண்டாவது, ‘ஷி இஸ் இன் சார்ஜ் ஆஃப் ஹெர் டாட்டர்’. நோயாளியை மகள் பார்த்துக்கொள்கிறாள் என்பது உங்கள் கருத்து. எழுதியிருப்பதோ, படுக்கையில் இருக்கும் தாய்தான் மகளைப் பார்த்துக்கொள்கிறார் என்பது. ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்று திருத்தினால் இலக்கணம் நேராகும். ஆனால் இன்றைய மருத்துவக் கடிதத்தில் ‘ஹெர் டாட்டர் இஸ் லுக்கிங் ஆஃப்டர் ஹெர்’ என்று எழுதுவதுதான் இயல்பு. மூன்றாவது, ‘கைண்ட்லி அட்வைஸ் ஹெர் டு டேக் ரெஸ்ட்’. ‘டேக் ரெஸ்ட்’, ‘டேக் பாத்’ இரண்டும் இந்தியாவுக்குள் செல்லுபடியாகும் நாணயங்கள். குளியலுக்கு ‘டேக் எ பாத்’ என்று ‘எ’ சேர்த்தால் போதும். ஓய்வுக்கு அப்படிச் சேர்த்தாலும் பொருந்தாது, ஏனெனில் ‘டேக் எ ரெஸ்ட்’ என்பது வேலைக்கு நடுவே சற்று நேரம் இளைப்பாறுவது. மருத்துவர் சொல்லும் ஓய்வு அதுவன்று. ‘ப்ளீஸ் அட்வைஸ் ஹெர் டு ரெஸ்ட்’ என்று வினையாகவே எழுதிவிடுங்கள். ஆர்ட்டிகிளுக்கு அங்கே வேலையே இல்லை.